மைதானத்தில் ஒரு வரிசை

வெள்ளி இரவு.

ஜூனிலிருந்து இரண்டாம் வகுப்பின் பி.டி. பீரியடை நான்தான் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். திங்களன்று ஆய்வு; பி.டி. நடக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதனால் இன்று கடைசிப் பீரியடில் பிள்ளைகளை மைதானத்தில் விட்டு, "போய் ஓடி விளையாடுங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. மீனா மட்டும் கேட்டாள்.

"எங்குட்டு ஓடணும் டீச்சர்?"

"எங்குட்டு வேணும்னாலும் ஓடு."

அவள் அப்படியே மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் வரிசையாக உட்கார்ந்து, கைகட்டி, வாயில் விரல் வைத்தார்கள். நான் பழக்கியதுதான். 'சத்தமே இல்லாத வகுப்பு' என்று பேர் வாங்கியவள் நான்.

வீட்டுக்குப் போகிற மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் ஏற வேண்டிய கோட்டையூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். என் விரலும் உதட்டில்தான் இருந்தது.