நூறு மீட்டரில் நீ கடைசியாக வந்த நாள்

மாப்ள,

இன்றைக்குக் காலையில் என் குட்டியானை வண்டியில் சுண்ணாம்புத் தூள் ஏற்றிப் போனேன். உன் பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குத்தான். விளையாட்டு விழா வருகிறது, மைதானத்தில் கோடு போட வேண்டும் என்று கேட்டார்கள். கள்ளக்குறிச்சி ஜில்லாவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கோடு போட்டாலும் சுண்ணாம்பு என் வண்டியில்தான் போகும் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் எடுத்துப் போட்டது மூன்று மூட்டை. அதில் ஒன்றின் தையல் பிரிந்து தூள் காற்றில் கிளம்பியது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீலச் சட்டை, முட்டிக்கு மேல் டவுசர், கோட்டின் மேல் நிற்கத் தெரியாமல் நிற்கிறாய்.

நீ போனபின் யாரிடமும் உன்னைப் பற்றி ஒழுங்காகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாங்கிளாஸோடு நின்றவன், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள். எட்டாங்கிளாஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதே தப்புகளை எழுதியவன்தானே நீயும்.

ஊரில் என்னை உனக்கு மச்சான் என்று சொல்வார்கள். நான் உடனே திருத்துவேன்: "மச்சான் அப்பால. மொதல்ல கோச்." கச்சிராயபாளையத்தில் இருந்து மலை ரோட்டில் நீ ஓடி ஏறுவாய், நான் பின்னால் மொபெட்டில் தண்ணீர் கேனோடு வருவேன். வளைவுக்கு வளைவு உன் தலையில் தண்ணீர் ஊற்றுவேன், கத்துவேன். கோச்சுக்கு வேறு என்ன வேலை? கரும்புத் தோட்டத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்தவன் மாரத்தான் ஓடினான் என்றால் பாதிப் பெருமை என் தண்ணீருக்குத்தான் என்று டீக்கடையில் சொன்னேன். சென்னை மாரத்தானில் ஒரு ஆப்பிரிக்காக்காரர் உன்னைக் கட்டிப் பிடித்து, "நீ எங்க நாட்டுக்கு வந்துடு" என்று அழுதார் என்றும் சொன்னேன். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கக்கூஸ் எங்க கீதுன்னு கேட்டாரு மச்சான்" என்றாய். கடையே சிரித்தது. அதுதான் நம் பழக்கம். நான் நீட்டுவேன், நீ வெட்டுவாய். நீ வெட்டிவிடுவாய் என்ற தைரியத்தில்தான் நான் அவ்வளவு தூரம் நீட்டினேன்.

ஓட்டத்தில் உனக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். "மொதல்ல எல்லாரையும் போக வுடணும் மச்சான். முன்னாடி போறவன் எங்க போயிடப் போறான்? ரோட்லதான இருப்பான். அப்பால ஒவ்வொருத்தனா எடுத்துக்கினு போலாம்." அப்படித்தான் செய்வாய். பாதித் தூரம் வரைக்கும் உன்னைக் கூட்டத்தில் தேட வேண்டும். அதற்குப் பிறகு தொங்கிப்போன தோள்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வருவாய், சந்தையில் காய் பொறுக்குகிறவன் மாதிரி நிதானமாக.

போன வருஷம் பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் அப்பாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நூறு மீட்டர். ஜெயித்தால் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பாப்பா என் தங்கச்சி வயிற்றில் பிறந்தாலும் வாய் என்னுடையது. "எங்கப்பா நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடுவாரு. உங்கப்பாவுங்கல்லாம் சும்மா வந்து பின்னாடி நின்னா போதும்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த டிபன் பாக்ஸில் எந்த அடுக்கில் சாதம், எந்த அடுக்கில் பொரியல் என்பதுவரை முடிவாகிவிட்டது.

முந்தின நாள் நீ என்னிடம் வந்தாய். முகம் சரியில்லை.

"மச்சான், சின்ன ஓட்டம் நான் ஓடனதே இல்ல. பயமாக்கீது."

"இன்னாய்யா பயம்? நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்ல எத்தினி நூறு மீட்டர் கீது? அதுல ஒன்ன புட்டு எடுத்தாந்து ஓட்டிட்டு வா."

"எந்த நூற புட்டு எடுக்கறது? மொதல் நூறா, கடைசி நூறா?"

நான் யோசித்தேன். அந்த மாதிரி ஒரு கேள்விக்கு எந்த கோச்சும் பதில் சொல்லியிருக்க மாட்டான். "நடுவுல இருந்து எடு" என்றேன். நீயும் தலையாட்டிவிட்டுப் போனாய். ஒரு தடவைகூட ஓடிப் பார்க்கவில்லை. மலையேறுகிறவன் வாசற்படி ஏறிப் பழகுவானா என்று நம் இரண்டு பேருக்குமே நினைப்பு.

விசில் அடித்தார்கள். பேண்டைச் சுருட்டிவிட்டு, செருப்பை உதறிப்போட்டு, அப்பாக்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை மாஸ்டர், அத்தனை தொப்பையையும் தூக்கிக்கொண்டு, வாணலியில் இருந்து தெறித்த எண்ணெய் மாதிரிப் போனார். நீ? மாப்ள, முதல் பத்தடி நீ ஓடவே இல்லை. அவர்களை வழியனுப்பி வைத்தாய். மூச்சைச் சரி பண்ணிக்கொண்டு, கையை இடுப்போரம் வைத்து, மலை ரோட்டில் கிளம்புகிற மாதிரி கிளம்பினாய்.

நான் கயிற்றுக்கு வெளியே இருந்து தொண்டை கிழியக் கத்தினேன். "எடு மாப்ள, எடு! இதுல அப்பால கெடையாது!"

நீ என்னைப் பார்த்தாய். சிரித்தாய். கையை வேறு தூக்கிக் காட்டினாய். அதற்குள் மாஸ்டர் நெஞ்சில் ரிப்பன் அறுந்துவிட்டது.

கடைசியாக வந்தாய். முடிவுக் கோட்டில் பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "முடிஞ்சிடுச்சிப்பா" என்றாள். அவளைப் பார்த்ததும் உனக்கு நிற்கத் தோன்றவில்லையோ, உடம்பு அப்போதுதான் சூடானதோ, தெரியவில்லை. நீ ஓடிக்கொண்டே இருந்தாய். மைக்கில் விளையாட்டு வாத்தியார், "நீலச் சட்டை போட்ட அப்பா, போட்டி முடிஞ்சி போச்சிங்க, நில்லுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நீ மைதானத்தைச் சுற்றினாய். சிரிப்பு கைதட்டலாக மாறியது. கேட் வரைக்கும் போய், அந்த இரும்புக் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாய். அங்கே மாஸ்டர் மல்லாந்து கிடந்தார், இரண்டு பேர் துண்டால் விசிறினார்கள். நீ குனிந்து, "மாஸ்டர், இன்னொரு ரவுண்டு வர்றீங்களா?" என்றாய். அவர் மூச்சு வாங்க, "டிபன் பாக்ஸ நீயே எடுத்துக்கோய்யா, ஆள வுடு" என்றார். பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

டிபன் பாக்ஸ் போனால் என்ன, எனக்குக் கதை கிடைத்துவிட்டது. அன்றைக்கு நீ கேட்டைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கோமுகி டேமைத் தாண்டி, வெள்ளிமலை வரைக்கும் ஓடினாய் என்று சொல்ல ஆரம்பித்தேன். பின்னாலேயே பள்ளிக்கூடத்து பஸ்ஸை அனுப்பித்தான் உன்னைக் கூட்டி வந்தார்கள் என்று முடிப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ ஒரே ஒரு வரிதான் சொல்வாய்.

"கேட் வரைக்கும்தான் மச்சான்."

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து, "ஓட்டிக்கினே பேசாத மச்சான், ரோட்ட பாரு" என்று திட்டிக்கொண்டேதான் வந்தாய். அது கிட்னிக்குப் போய், நுரையீரலுக்குப் போய், ஐ.சி.யூ. கதவுக்குப் பின்னால் உன்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். உனக்கு முன்னால் வந்தவர்கள், பின்னால் வந்தவர்கள், ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எல்லாரும் போறாங்களே. இவுருக்கு மட்டும் இன்னா?"

"போக வுடும்மா. அவன் எல்லாரையும் மொதல்ல போகத்தான் வுடுவான். உனுக்குத் தெரியாதா?"

அவள் தலையாட்டினாள். பாப்பாவும் ஆட்டினாள். டாக்டரிடமும் சொன்னேன். "சார், இவன் மெதுவாத்தான் ஆரம்பிப்பான். அப்பால பாருங்க, நீங்களே பிடிக்க முடியாது." அவர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. "பாக்கலாங்க" என்றார். அதை நான் தங்கச்சியிடம், "டாக்டரே ஆச்சரியப்படறாரு" என்று கொண்டு போனேன். பொய் என்று சொல்லாதே. எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

எனக்குத் தெரிந்த வேலை இரண்டுதான், மாப்ள. தண்ணீர் ஊற்றுவது, கத்துவது. பாட்டிலோடு போய் நின்றேன். "தண்ணி குடுக்கக் கூடாதுங்க" என்றாள் நர்ஸ். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரையில் கோடு ஓடியது, நீ ஓடவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதியிருந்தது. கண்ணாடியில் வாயை வைத்து, "எடு மாப்ள" என்றேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கிப்போய், உன்னையும் பார்க்க முடியவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பவும் சொன்னேன். திரும்பவும் மங்கியது.

எவ்வளவு தூரம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நீ எப்போதும்போல ஆரம்பித்தாய். முடிவுக் கோட்டைப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

துக்கம் விசாரிக்க மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வாசலில் வெகுநேரம் நின்றார். அன்றைக்கு யாரை ஜெயித்தோம் என்று அவருக்கும் தெரியவில்லை போல. என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.  நான் பேசாமல் இருந்ததை ஊரே அதிசயமாகப் பார்த்தது.

இன்றைக்குக் காலையில் மூட்டைகளை அந்த கேட் பக்கத்தில்தான் இறக்கினேன். இடைவேளை விட்டிருந்தார்கள். பாப்பா ஒரு புதுச் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எங்கப்பா இங்கேர்ந்து வெள்ளிமலை வரைக்கும் ஓடனாரு. வேணுமின்னா எங்க மாமாவ கேளு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கதை, என் வாய், கேட்க ஆளும் இருக்கிறது. வெள்ளிமலையில் நிறுத்தாமல் சேலம் வரைக்கும் கொண்டுபோகலாம். வாயைத் திறந்தேன். வந்தது உன் வரி.

"கேட் வரைக்கும்தான் பாப்பா."

பாப்பா முகம் சுருங்கியது. "இன்னா மாமா? வெள்ளிமலைன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"அப்போ வெள்ளிமலைதான்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஊருக்கே அள்ளி அள்ளிக் கொடுத்த எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இல்லை என்று இன்னொரு தடவை சொல்லவும் வரவில்லை. தெற்கே பார்த்தாலும் வடக்கே பார்த்தாலும் என் பார்வை அவள் கண்ணில்தான் போய் முடிந்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. அவள் அதையே பார்த்தாள், நீ இன்னும் இறங்கி வர வேண்டியவன் மாதிரி.

மணி அடித்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் வகுப்புக்கு ஓடினார்கள், சிநேகிதியும் ஓடிவிட்டாள். பாப்பா மட்டும் மெதுவாகப் போனாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் போக விட்டாள்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நீ தட்டிய அந்தக் கம்பியைச் சுண்ணாம்புக் கையோடு பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வரிதான் வாயில் இருக்கிறது, மாப்ள. கேட் வரைக்கும்தான். அதற்கு மேல் என்னால் அவளோடு போக முடியவில்லை.