கீசர்காரர் சொன்னதில் நான் விழுங்கிய பாதி

இன்று காலை எதிர்வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் தூசியின் வாசனை நம் வாசல் வரைக்கும் வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். அதற்குள் மணி அடித்தது.

எதிர்வீட்டுக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண். அவளும் புருஷனும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "அங்கிள், கேஸ் கீசர் மாட்ட ஆள் வந்திருக்கார். ஹிந்தியில கடகடன்னு என்னமோ சொல்லிட்டே இருக்கார், ஒண்ணும் புரியல. ரெண்டு நிமிஷம் வர்றீங்களா?" என்றாள். போனேன். மாட்ட வந்தவர் குளியலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "என்ன அங்கிள் சொல்றார்?" என்றாள்.

அப்படியே அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உனக்குத் தெரியும் நான் ஏன் உட்கார்ந்தேன் என்று. இல்லை, உனக்குத் தெரியாது. அதுதானே விஷயமே.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த மராத்திக்காரர் ஊரான நிக்டிக்கு வந்தபோது உனக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. நான் வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க மராத்திதான். காய்காரரிடமும் பால்காரரிடமும் மாடி வீட்டு அம்மாவிடமும் உனக்கு நான்தான் வாய், நான்தான் காது. சோம்பேறிக் காது. அவர்கள் கால் மணி நேரம் பேசினால் உனக்கு அரை வரி சொல்வேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏங்க, அந்த மனுஷன் இவ்வளவு நேரம் பேசுனாரே, இவ்வளவுதானா?" என்பாய். "இவ்வளவுதான், போ" என்பேன்.

சங்கராந்திக்கு மாடி வீட்டு அம்மா உன்னை மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட வந்தாளே, நினைவிருக்கிறதா? "சாயங்காலம் வரச் சொல்லுதாங்க" என்று மட்டும் சொன்னேன். இங்கே சங்கராந்திக்குக் கறுப்புச் சேலைதான் கட்டுவார்கள், அதையும் சொல்லு என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பு என்றால் நீ ஆயிரம் கேள்வி கேட்பாய் என்று விட்டுவிட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தாய். "அத்தனை பேரும் கறுப்புல இருக்காங்க, நான் ஒருத்தி மாம்பழக் கலர்ல போயி நிக்கேன்! கொஞ்சமாவது சொல்லப்படாதா?" என்று கத்திவிட்டு, பிறகு நீயே சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். அன்றைக்கு நீ சிரிக்காமல் என்னை நாலு வாங்கு வாங்கியிருக்கலாம்.

நம் ஊரில் வெந்நீர் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும்தான். இந்த ஊர்க் குளிரில் தினமும் அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவாய். குழந்தை வித்யா குறுக்கே ஓடுவாள். ஒருநாள் அவள் முட்டி, வெந்நீர் உன் பாதத்தில் கொட்டிக் கொப்புளமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கேஸ் கீசர் வாங்கினோம். சுவரில் ஒரு பெட்டி, பக்கத்தில் சிலிண்டர், குழாயைத் திறந்தால் வெந்நீர். நீ அதைப் பற்றி உன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் நாலு பக்கம்.

அன்று மாட்ட வந்தவர் வயதான மராத்திக்காரர். பால்கனியில் மாட்டிச் சுவரைத் துளைத்துக் குழாயை உள்ளே விடலாம், அதுதான் நல்லது என்றார். அதற்குக் குடியிருப்புச் சொசைட்டியில் எழுதிக் கேட்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம், இப்போதைக்கு உள்ளேயே மாட்டுங்கள் என்றேன். தயங்கித் தயங்கித்தான் மாட்டினார். சோப்பு நுரையை இணைப்புகளில் எல்லாம் தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "வஹினி", அதாவது அண்ணி, என்று ஆரம்பித்து, உன்னைப் பார்த்தேதான் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் அதிக நேரம் குளியலறையில் புழங்கப்போவது நீதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் சொன்னது இது. இந்த நெருப்பு அறையில் இருக்கும் காற்றைத் தின்னும். ஜன்னல் மூடியிருந்தால் விஷக் காற்றை விடும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, ஆளுக்கே தெரியாமல் மயக்கம் வந்துவிடும். அதனால் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதோடு, முதலில் வாளிகளில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துதான் குளிக்கப் போக வேண்டும்.

நீ என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாரு?" என்றாய். எனக்கு இரண்டாவது ஷிப்ட், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஜன்னலத் திறந்து வைக்கணுமாம்" என்றேன்.

ஏன் என்று நான் சொல்லவில்லை. வாளி விஷயத்தைச் சொல்லவே இல்லை. நீ என்ன நினைத்துக்கொண்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒருநாள் வித்யாவிடம், "சாத்தாதடி, ஆவி பட்டா மேல சுண்ணாம்பு உதுந்திரும்னுதான் திறந்து வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றாய். அதை நான் கூடத்திலிருந்து கேட்டேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

தை மாத வெள்ளிக்கிழமை. தலைக்கு நல்லெண்ணெய் வைத்து ஊற விட்டிருந்தாய். எண்ணெய் தேய்த்த தலையோடு குளிர்காற்றில் நின்றால் சளி பிடிக்கும் என்பது நாம் பிறந்ததிலிருந்து கேட்ட பாடம். ஜன்னல் வழியாகக் காற்று ஊசியாய்க் குத்தியது. பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ஜன்னலில் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். ஊரிலிருந்து வந்த சீயக்காயைப் போட்டு அந்த முடியை அலச உனக்கு முக்கால் மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் கீசர் எரிந்தது.

நான் வீட்டில்தான் இருந்தேன். பத்தடி தூரத்தில், பேப்பரோடு. ஒரு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாவது தடவை, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை போல என்று விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். கடவுளே, நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

கதவை உடைத்தது, ஆட்டோ, ஆஸ்பத்திரி எல்லாம் உனக்கு எதற்கு. மூன்றாம் நாள் கீசர் மாட்டியவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். மேலே ஏறி வரவில்லை. மாடிப்படி அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் இறங்கிப் போனேன். "சாஹேப், நான் சொன்னதையெல்லாம் வஹினிகிட்ட சொன்னீங்கதானே?" என்று மராத்தியில் கேட்டார்.

"சொன்னேன்" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் பின்னால் உன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் என்ன கேட்டார் என்று விசாரித்தார், அவரிடமும் அதையே தமிழில் சொன்னேன். அவர் வழியாக அது ஊர் வரைக்கும் போயிற்று. "மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. இவதான் கேக்காம அட்டைய வச்சு அடைச்சிருக்கா. விதி" என்று உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை, "இல்லை அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்ற நினைப்போடு.

இன்று எதிர்வீட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். பால்கனியில் தவிர வேறெங்கும் மாட்டக் கூடாது என்று சண்டையே போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் புருஷன், "டைல்ஸ் உடையும் அங்கிள்" என்றான். "உடையட்டும்" என்று நான் போட்ட சத்தத்தில் வித்யாவே எழுந்து வந்துவிட்டாள். கல்லூரி விடுமுறை அவளுக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக விட்டுப்போனாய். இப்போது உன் உயரம். என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"அப்பா, வோ லோக் சமஜ் கயே, அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. விடுங்க. அம்மா பண்ண மாதிரி எல்லாருமா ஜன்னல மூடுவாங்க?" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. சொல்லிவிட்டேன். அவர் பேசியது, நான் விழுங்கியது, மாடிப்படியடியில் சொன்ன பொய், எல்லாம். அவள் நின்றபடியே கேட்டாள்.

"மத்லப், அப்படின்னா அம்மாக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சும் மூடினாங்கன்னு நெனச்சேன்பா. நான் ஒருத்தி இருக்கேன்னு யோசிக்கவே இல்லன்னு. ஸ்கூல்ல எல்லாரோட மம்மியும் வர்றப்ப, எனக்கு அம்மா மேல எவ்ளோ கோவம் வரும் தெரியுமா? போட்டோ முன்னாடி நின்னு திட்டியிருக்கேன்பா. தப்பே பண்ணாத அம்மாவ."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாய்ந்துவிட்டது, சாப்பிட வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அழுவது கேட்கிறது. உன்னைத்தான் கூப்பிடுகிறாள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து 'அம்மா' என்று இப்படிக் கேட்டதில்லை.

இத்தனை வருடம் அவளுக்கு உன்மேல் இருந்த கோபம் இன்றைக்கு என்மேல் வந்திருக்கிறது. எப்போது தீரும் என்று தெரியாது. தீராமலும் போகலாம். நான் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உனக்கு இதை எழுதியபடி உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை கையில் பேப்பர் இல்லை; கதவு திறக்கும்வரை எழுந்து போக மாட்டேன்.