வாசலில் ஒன்பது கல்

லாத்தா,

எதிர் மனையில் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, நனைந்த சிமெண்டின் வாசனை அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் புழுதி நாற்றம். எனக்கு மட்டும் முகம் சுண்டிவிடுகிறது. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமலே தலையைக் குனிந்துகொண்டேன். தோசை கருகியதுதான் மிச்சம்.

வண்ணார்பேட்டையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். மழை பெய்தால் என் வீட்டில் கேட்டிலிருந்து படி வரை சேறுதான். மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்களே என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தீர்கள்.

"எதுக்குளா கொத்தனாரத் தேடுதே? நாமளே கல்லு வாத்துப் போடுவோம்."

யோசனை உங்களுடையது. அச்சும் உங்களுடையதுதான், விளிம்பு பிய்ந்த ஒரு பிளாஸ்டிக் பேசின். உள்ளே எண்ணெய் தடவினீர்கள். சிரட்டையால் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு அளந்து, கொழுக்கட்டை மாவுப் பதத்தில் குழைத்து, நடுவே கோழி வலையைத் துண்டு போட்டு வைத்தீர்கள். மேலே இறுகுவதற்குள் சேம்பு இலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அமுக்கினோம். மறுநாள் உரித்தால், இலை நரம்பு நரம்பாகக் கல்லில் நின்றது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். சுற்றிலும் பதிப்பதற்கு, உங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்து உடைந்துபோன நீலப்பூக் கோப்பைகளின் சில்லுகளைக் கொடுத்தீர்கள். அத்தனை வருஷம் எறியாமல் வைத்திருந்தவை அவை.

நான் கையுறை கேட்டதற்குச் சிரித்தீர்கள். "கையில பட்டாத்தான் பதம் தெரியும். நகக்கண்ணுல ஏறினா மூணு நாளைக்குப் போவாது, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது இராகு காலம் என்பது அவர்கள் வீட்டில் யாருக்கோ அன்று காலையில்தான் உறைத்திருக்கிறது. ஒன்பதரைக்கே கார் வந்து நின்றுவிட்டது. அப்போது எட்டுக் கல்லைப் பதித்து முடித்திருந்தோம். ஒன்பதாவதன் விளிம்பு உடைந்துவிட, ஒட்டுப் போடச் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தோம். நான் பின்பக்கமாக ஓடிக் கை கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"கல்லு ரொம்ப நல்லாருக்கே. ஆள் விட்டுச் செய்யுதீகளா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

இல்லை, நாங்களே செய்தோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காலத்தில் நிலபுலன் இருந்த வீடு, ஏவிய வேலைக்கு ஆள் இருந்த வீடு என்ற பவிசு என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சிமெண்ட் குழைக்கிற வீட்டில் பெண் எடுப்பார்களா என்று பயந்தேன்.

"ஆமா, சித்தாள் வந்திருக்கு" என்றேன்.

அதோடு விட்டேனா? உங்கள் பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்தச் சட்டிய ஓரமா எடுத்து வையி" என்றும் சொன்னேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், அக்கா முறையில் நான் லாத்தா என்று கூப்பிட்டவர் நீங்கள்.

நிமிர்ந்து ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு, "சரிம்மா" என்று சட்டியை நகர்த்தினீர்கள். வந்தவர்களிடம், "இந்தக் கல்லு ஈரமா இருக்கு, பாத்து வாங்கம்மா" என்றும் சொன்னீர்கள். என் பொய்யைக் கீழே விழாமல் தாங்கியவர் நீங்கள்தான்.

சாயங்காலம் மதிலுக்கு மேல் உங்கள் முகம் தெரிந்தது.

"ஏளா, பிடிச்சுப்போச்சாமா அவுகளுக்கு?"

முதல் கேள்வியே அதுதான். பிடித்துவிட்டது என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கல்யாணப் பட்டு எங்கே எடுப்பது என்ற பேச்சு வெளியே வந்தது. அதற்குப் பிறகும் நான்கு வருஷம் அதே மதிலோரம் நின்று ஊர்க்கதை எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. நீங்களாக எடுக்க மாட்டீர்கள் என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடி மவுத்தானபோது ஓடி வந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த உங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர், "இவுக யாரு?" என்று கேட்டார். உங்கள் மகள் அழுகைக்கு நடுவே, "உம்மாக்குத் தங்கச்சி" என்றாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் வாசலில் நான் உங்களைச் சித்தாள் என்றவள்தானே லாத்தா.

போன வாரம் ராதாபுரத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். வாசலில் நின்று, கல்லில் பதிந்த சேம்பு இலையைக் காலால் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. நீங்க காப்பி கொடுக்கையில நகக்கண்ணு பூராம் சிமெண்டு. கல்லுகூட வாத்துப் போடுத வீடு, நம்ம பய பொழைச்சுக்கிடுவான்னு போயிச் சொன்னதே நான்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவரையும் ஏமாற்றாத ஒரு பொய்க்காக உங்களை 'ஏம்மா' என்று கூப்பிட்டிருக்கிறேன். அதை நம்பவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. கேட்கவேண்டிய தலையெழுத்து உங்களுக்கு மட்டும் இருந்திருக்கிறது.

ஒன்பதாவது கல்லில் ஒட்டுப் போட்ட விளிம்பில் உங்கள் கட்டைவிரல் தடம் அப்படியே இருக்கிறது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் படி ஏறுகிறேன். யார் போட்ட கல் என்று யாராவது கேட்கும் வரை இப்போது நான் காத்திருப்பதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"எங்க லாத்தா போட்டது. நான் அவுகளுக்குச் சித்தாளு."