பிறந்தநாள் காலண்டரில் இல்லாத பெயர்

ஸ்வொல்லே,
நவம்பர் 18, 2015

அன்புள்ள மரைக்கே அக்காவுக்கு,

நாங்கள் புது வீட்டில் நலம். நீ நலமா என்று கேட்கலாமென்றால் போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்னதான் ஆயிற்று? காபியும் பிஸ்கட்டும் கொடுத்தேன். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாய். வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, "வரேன்டி, ரயிலுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டாய். அரை மணிக்கு ஒரு ரயில் ஓடும்போது அப்படி என்ன அவசரம்? "ஒத்த பிஸ்கட் குடுத்தா யாருதான் உக்காருவா?" என்று என் வீட்டுக்காரர் ஹென்க் கிண்டல் செய்கிறார்.

டிசம்பர் பன்னிரண்டு எனக்கு ஐம்பது முடிகிறது. அம்மா போன பிறகு எனக்கென்று நீதானே இருக்கிறாய்? பிறந்தநாள் விருந்துக்கு வட்டமாக நாற்காலி போடும்போது என் பக்கத்து இடம் உனக்குத்தான்.

உன் ரிக்கா

டெவென்டர்,
நவம்பர் 24

ரிக்கா,

கேட்டாய், சொல்கிறேன். எல்லார் வீட்டையும் போல உன் கழிப்பறைச் சுவரிலும் தொங்கும், வருடா வருடம் மாற்றாத பிறந்தநாள் காலண்டரில் மார்ச் மாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். என் பிறந்தநாளான பதினான்காம் தேதி காலியாக இருந்தது. பதினாறில் உன் பல் டாக்டர்! பதினெட்டில் ஹென்கின் பழைய மேலதிகாரி! கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி கிடையாதா? அன்று முதல் எதை மென்றாலும் அந்தப் பல் டாக்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். என் நாற்காலியில் அவரையே உட்காரவை. நான் வரமாட்டேன்.

மரைக்கே

ஸ்வொல்லே,
நவம்பர் 28

அக்கா,

பொய் சொல்ல மனமில்லை. வீடு மாறியபோது பழைய காலண்டரைப் பார்த்துத்தான் புதியதில் எழுதினேன். பழையதிலும் நீ இல்லை. ஏன் எழுதவில்லை என்று எவ்வளவு யோசித்தும் எனக்கே தெரியவில்லை. ஆனால் எந்த மார்ச் பதினான்கில் உன்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கிறேன்? நீ பல் தேய்ப்பதற்குள் கூப்பிட்டு, "தூங்க விடேன்டி சனியனே" என்று திட்டு வாங்கியதெல்லாம் மறந்துவிட்டதா? உன் பெயரை இன்றே எழுதிவிட்டேன். நாற்காலியையும் போட்டு வைப்பேன்.

ரிக்கா

டெவென்டர்,
டிசம்பர் 8

என் ரிக்காக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. ஏனென்று தெரியவில்லையாம்! போய்ச் சேர்ந்தவர்கள் பெயரைத்தானே அந்தக் காலண்டரில் கோடு போட்டு அடிப்போம்? உன்னையும் அடித்துவிடுகிறேன் பார் என்று பேனாவோடு என் கழிப்பறைக்குப் போனேன். டிசம்பரைப் புரட்டினேன்.

பன்னிரண்டு காலி.

இருபத்திரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற காலண்டர் ரிக்கா அது! கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உன்னை மறந்தா எழுதாமல் விட்டேன்? மறந்துவிடுவேனோ என்று பயந்தவர்களை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதே காலி இடத்தை உன் வீட்டில் பார்த்தபோது அவமானம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. இப்போதுதான் சாப்பாடு ருசிக்கிறது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஆப்பிள் கேக் என் பொறுப்பு. எனக்குப் பிஸ்கட் இரண்டு வை.

என் பெயரை எழுதிவிட்டேன் என்றாயே, நான் வருவதற்குள் அதை அழித்துவிடு. இனி அங்கே அதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

உன் அக்கா
மரைக்கே