பச்சை மூடி இல்லாத வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்த முறை எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். அக்காவுக்குத் தோள் எலும்பு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அத்தான் உனக்குப் போன் செய்தானாம், நீயும் "இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்" என்றாயாம். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வாரம் முழுவதற்கும் சமைத்து டப்பாக்களில் அடைத்து ஃபிரீசரில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம். எது யாருடையது என்று காலையில் நீங்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு நிறத்தில் மூடி வாங்கினேன், உனக்கு மஞ்சள், அவளுக்குப் பச்சை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் அவள் அதையே செய்தாள். அத்தானுக்கு நீலம், படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்கு வெள்ளை, பல்லில்லாதவர் என்பதால் அதில் எல்லாம் மசித்தே இருக்கும். ஆபீசுக்கு எடுத்துப்போக அவளுக்குப் பச்சை. அந்த வீட்டில் அவளுக்கு அத்தான் கையால் அடி விழுவது புதிதல்ல. உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும், போனை எடுக்கத் தாமதமானால் கன்னம் வீங்கும். போன மாதம் அவள் உள்ளங்கையை அடுப்பு நெருப்பில் அழுத்திப் பிடித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்பி நேரே என்னிடம் வந்துவிடுவது என்று அவளும் நானும் பேசி முடிவு செய்தோம். அந்தப் பெரியவர் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஞாயிறு காலை வழக்கம்போல் சமைத்தாள். அடிக்கிறவனுக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள், பார். தனக்கு எதற்கு என்று பச்சை மூடியை மட்டும் விட்டுவிட்டாள்.

உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதன், மாலையில் ஐஸ் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது பச்சை மூடி இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டான். "உன் சாப்பாடு எங்கடி?" என்று கேட்டானாம். அவள் பதில் தேடுவதற்குள் கல்லாக உறைந்திருந்த நீல டப்பாவை எடுத்துத் தோளில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த அறையில் மாமனாருக்குக் கேட்டதாம். கீழே விழுந்தவளை முடியைப் பிடித்து இழுத்து, தலையை ஃபிரிட்ஜில் அழுத்திக்கொண்டு கதவை அறைந்து சாத்தினான், மறுபடியும் மறுபடியும். உடையாத கை எட்டிய இடத்தில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. அதைக்கொண்டு அவன் வாயிலேயே அடித்தாள். முன்பல் இரண்டும் தரையில். அதற்குள் மாமனார் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போகும்போது, மாமனார் படுக்கையிலிருந்தே, "போம்மா, திரும்பி வராதே. இனிமே எனக்கும் அவனுக்கும் ஒரே சாப்பாடுதான்" என்றாராம். அக்கா இந்த வலியிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரித்தால் தோள் வலிக்கிறது என்று அழுகிறாள். பெரியவரை அவருடைய மகள் வந்து கூட்டிப்போய்விட்டாள், அந்தக் கவலை இல்லை.

வகுப்பில் ஒருவன் இன்னொருவன் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினால், நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா? முதலில் கதவைத் திறந்து விரலை வெளியே எடுக்க வேண்டும். அதைத்தான் இப்போது செய்கிறேன். முந்தாநாள் அவன் வாசலில் நின்று, அவளை அனுப்பாவிட்டால் வீட்டோடு கொளுத்துவேன் என்று கத்தினான், ஜன்னல் கண்ணாடியெல்லாம் போயிற்று. போலீஸ் பிடித்துப் போனார்கள், மாலையே விட்டுவிட்டார்கள். அதனால் கட்டுப் பிரித்ததும் அவளை உன்னிடம் அனுப்புகிறேன். அவன் போனை எடுக்காதே, அவள் வருவதை நண்பர்களிடம்கூடச் சொல்லாதே. என்னைப் பற்றிப் பயப்படாதே, அந்த எலெக்ட்ரீஷியனே வந்து நம் வாசலில் பெரிய விளக்குப் போட்டிருக்கிறார், கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளும்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் பயமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. ஒன்றை மறந்துவிடாதே. ஃபிரீசரைக் காலி செய்து, பச்சை மூடி டப்பாக்கள் வாங்கி வை. அவளுக்குக் கை இன்னும் தேறியிருக்காது, அவள் வருவதற்கு முந்தின ஞாயிறு நீயே சமைத்து அதையெல்லாம் நிரப்பு. உப்புக் குறைந்தாலும் பரவாயில்லை. அவள் ஃபிரீசர் கதவைத் திறந்ததும் பச்சைதான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

உன்னையே நம்பி அவளை அனுப்பும்,
அம்மா