சட்டி பிடிக்கும் துணி

அக்கா,

இன்று காலை பால் இறக்கும்போது என் நைலக்ஸ் சேலையின் முந்தானை அடுப்பில் பொசுங்கிவிட்டது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பாலை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சங்ககிரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. இருவர் வீட்டுக்காரரும் லாரியோடு வடக்கே போய்விடுவார்கள். நீங்கள் வேலியோரம் பருத்தி போட்டீர்கள். கொட்டை நீக்கி, தக்களியில் நூற்று, பழைய கட்டில் சட்டத்தில் பாவு கட்டி நெய்தீர்கள். இட்லித் துணியும், சட்டி பிடிக்கும் துணியும். "அடுப்புக்கிட்டப் போற துணியில பஞ்சத் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது கண்ணு" என்பீர்கள்.

மகளிர் குழுக் கடையில் அவற்றை விற்பது என் வேலை. கேட்பவர்கள் பெருகினார்கள், உங்கள் கை அவ்வளவு வேகம் போகாது. திருச்செங்கோட்டில் பாலியஸ்டர் கலந்த விசைத்தறிக் கழிவுத் துணி வாங்கி வந்து, வெட்டி, ஓரம் தைத்து, உங்கள் துணியோடு கலந்தேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு டீச்சரம்மா அதில் ஒன்றை வாங்கிப்போய்ச் சூடான வாணலியைப் பிடித்தார். துணி உருகி விரல்களில் ஒட்டிக்கொண்டது.

குழுக் கூட்டத்தில் அந்தத் துணியைத் தொட்டதுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "இது நா நெய்ஞ்சதில்லீங்க" என்றீர்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கென்னங்க தெரியும்? அக்கா குடுத்ததத்தான் வித்தேன்" என்றேன். எல்லோரும் அதையே நம்பினார்கள்.

நீங்கள் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காய் வெடித்து நின்ற செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டீர்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதன்பின் இரண்டு வருஷம் நம் இரு வீட்டுக்கும் நடுவில் பேச்சில்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்தேன்.

"எதுக்கு வந்தே?"

"உங்களப் பாக்கத்தானுங்கக்கா."

"பாத்துட்டீல்ல. போ."

நீங்கள் என்னிடம் பேசிய கடைசிச் சொல் அது. உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் டீச்சரம்மா வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். தழும்பேறிய விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தவங்க பேரு கெடக் கூடாதுன்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்க. உங்குளுக்கு நல்ல மனசுங்க."

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்று அழுதேன். அழ அழ அவர் இன்னும் உறுதியாக நம்பினார். தெருவெல்லாம் சொல்லியும் விட்டார்.

உங்களை ஏமாற்றுக்காரி என்று சொன்ன அதே ஊர் இப்போது என்னை நல்லவள் என்கிறது, அக்கா. மறுத்து மறுத்து ஓய்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது அப்படிச் சொன்னால், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன்.