ரைஸ் குக்கருக்காகப் பிடுங்கிய ப்ளக்

யோஸ்வானி,

ரொட்டி வரிசையிலிருந்து நீ திரும்பும்போது நான் இருக்கமாட்டேன். கறுப்பு பீன்ஸ் அடுப்பின்மேல் இருக்கிறது. சோறு குக்கரிலேயே கிடக்கிறது. உன் சோறு, நீயே தின்னு.

"நேத்து வரைக்கும் கம்ப்யூட்டர் நல்லாத்தானே இருந்துச்சு, இவதான் எதையோ நோண்டிட்டா" என்று போனில் உன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சிஸ்டம் ஃபைல் கெட்டுவிட்டது என்று அது ஒரு மாதமாகக் கத்துகிறது. "அது சும்மா வரும்டி, சரின்னு அமுக்கிட்டுப் போ" என்றவன் நீ.

காலையில் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலுக்கான ரிப்பேரை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். பாதியில் அதன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ரைஸ் குக்கரைச் செருகியிருக்கிறாய். அதோடு விண்டோஸ் எழவேயில்லை. கரண்ட் போவதற்குள் சோறாக்க வேண்டுமாம். ஹவானா முழுக்க அந்த அவசரம்தான். என் பிழைப்பில் கைவைக்க வேறு எவனுக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் என் வாடிக்கைக்காரி ஒடாலிஸ் வருவாள், நான் கம்ப்யூட்டரில் சரிசெய்த அவள் மகளுடைய பதினைந்து வயது விழாப் படங்களை வாங்க. நல்லவேளை, அவற்றை முன்பே பென்டிரைவில் ஏற்றிவைத்தேன். சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கிறது. கதவைத் திற, கொடு. வாயைத் திறக்காதே.

நான் அக்கா வீட்டில். கூப்பிடாதே.

மைலேனிஸ்

பி.கு. விண்டோஸை மறுபடி போட ஆரம்பித்திருக்கிறேன். டிஸ்கில் உள்ளதையெல்லாம் அழிக்கவா என்று திரையில் ஒரு கேள்வி நிற்கிறது. நீ வருஷக்கணக்காகச் சேர்த்த பேஸ்பால் ஆட்டங்கள் எல்லாம் அதில்தான். நகல் எடுக்கவில்லை. எதையும் கடைசிவரை படிக்கிற பழக்கம் உனக்குக் கிடையாது. அதனால்தான் இதை அடியில் எழுதினேன்.